வேரும் பூஞ்சையும் ஒட்டினபடி

கதவைப் பூட்டியபோது வெளியே நின்றவர்கள் என்று பதிவேட்டில் உள்ள பெயர்கள்: மேஸ்திரி ஆசீர்வாதம், வாயு சிலிண்டர் திறக்கும் திருமலை, சுமை தூக்கும் ஞானதுரை, காவலாளிகள் ஜெயவேல், வரதன்.

வரதன் நான். நான் வெளியே இல்லை.

1953. ராயபுரத்தில் ஒரு மரக்கிடங்கில் ராத்திரி ஷிப்ட் பார்த்தேன். ஷிப்ட் முடிகிற நேரம் டீக்கடைக்கு நழுவுவேன். மேஸ்திரி ஆளெண்ணப் பெயர் கூப்பிடும்போது என் பெயருக்கு ஜெயவேல் குரல் கொடுப்பான். அவன் நழுவினால் நான். மூன்று வருஷப் பழக்கம்.

அந்தமானிலிருந்து வந்த ஒரு கட்டையின் பொந்தில் விரல் உயரத்துக்கு இரண்டு வெள்ளைச் செடிகள் முளைத்திருந்தன. இலை கிடையாது. பச்சை என்பதே கிடையாது. ஒன்றைப் பிடுங்கி ஆலிஸ் டீச்சரிடம் கொண்டுபோனேன். நான் பாதியில் விட்ட காலேஜில் தாவரவியல் எடுத்தவர். லென்சில் பார்த்தார். பூவின் மூன்று இதழ்களும் நுனியில் கூடி ஒட்டியிருந்தன. அவரிடமிருந்த எந்தப் புத்தகத்திலும் அப்படி ஒன்று இல்லை.

"இதால சொந்தமா சாப்பாடு தயாரிக்க முடியாது, வரதன். வேர்ல இருக்கிற பூஞ்சைதான் ஊட்டுது. நீ வேரை அறுத்துட்டு வந்திருக்க. வேரும் பூஞ்சையும் ஒட்டினபடி வேணும். இல்லாம புது இனம்னு எழுதினா எவனும் ஏத்துக்க மாட்டான்."

ஜெயவேலிடம் சொன்னேன். சிரித்தான். "ஊட்டினாத்தான் துன்னுமா? உன்னாட்டமே கீது மாமு."

மறுநாள் காலை எட்டு மணிக்குப் புழு சாகக் கிடங்கில் விஷவாயு விடுவார்கள். பூஞ்சையும் சாகும். போன முறை கதவைத் திறந்தபோது ஒரு பூனை பல்லைக் காட்டிக்கொண்டு விறைத்துக் கிடந்தது.

ராத்திரியில் விளக்கு கொண்டுபோக அனுமதியில்லை. ஏழரைக்கு, வெளிச்சம் வந்தபின், யாருக்கும் சொல்லாமல் உள்ளே போனேன். சொன்னால் மேஸ்திரி விடமாட்டார். கடைசி வரிசையில் இரண்டு கட்டைகளுக்கு நடுவே குப்புறப் படுத்து, மிச்சமிருந்த செடியின் அடியைப் பிளேடால் சுரண்டினேன். நூல் மாதிரி வேர். அவசரப்பட்டால் அறுந்துபோகும். பூனையின் பல் கண்ணிலேயே நின்றது. பெயர் கூப்பிடாமல் பூட்டமாட்டார்கள், பதில் வராவிட்டால் தேடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வேர் முழுசாக, வெள்ளைப் பூஞ்சை படிந்த மண்ணோடு, டப்பாவுக்குள் விழுந்தது. எழப் பார்த்தேன். முழங்கால் கட்டைகளுக்கிடையில் சிக்கியிருந்தது.

"திருமலை!" மேஸ்திரியின் குரல். "ஞானதுரை! ஜெயவேல்!"

ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். காலை உருவினேன். தோல் உரிந்தது.

"வரதன்!"

நான் வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"கீறேன் மேஸ்திரி!"

ஜெயவேலின் குரல்.

"நான் உள்ள இருக்கேன்!" கத்தினேன். இரும்புக் கதவு தண்டவாளத்தில் உருளத் தொடங்கியிருந்தது. அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. டப்பாவைப் போட்டுவிட்டு நொண்டிக்கொண்டு ஓடினேன். வெளிச்சம் ஒரு கோடாகி, அதுவும் போயிற்று. தாழ்ப்பாள் விழுந்தது. பூட்டுக்குள் சாவி இரண்டு முறை திரும்பியது.