ரிபுவின் எடை

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் வெளியே புறப்படும்போது மட்டும் எருமையைப் போலக் கனப்பார்கள். தொண்ணூற்றேழாம் ஆண்டுப் புகை விலகிய வாரத்திலிருந்து இப்படித்தான். அந்த வருடம் எங்கள் தீவில் காலிமந்தான் காடு முழுக்க எரிந்தது, இரண்டு மாதம் விமானம் வரவில்லை. காய்ச்சலில் கிடந்த ஏழு குழந்தைகள் விமானத்துக்குக் காத்திருந்து இறந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் மகள் யுல்தா, ஆறு வயது. பிறகு புகை போயிற்று, விமானம் வந்தது, பயணிகளை நிறுத்தால் தராசின் முள் கடைசிக் கோட்டையும் தாண்டி நின்றது.

மலேசிய எல்லைக்கு இந்தப் பக்கம் நாங்கள் முந்நூறு பேர், சுற்றிலும் மலை. சாலை கிடையாது. சர்க்கரை மலேசியாவிலிருந்து மலை தாண்டி வரும். எங்கள் ஊற்றுநீரைக் காய்ச்சி எடுத்த உப்பு அந்தப் பக்கம் போகும். புகைக்குப் பிறகு அதைச் சுமந்து போனவர்களும் வெளியாட்கள்தான். மற்ற எல்லாவற்றுக்கும் எட்டு இருக்கை விமானம் ஒன்று. அதில் ஏறும் எவரையும் மூட்டையோடு நிறுத்துத்தான் ஏற்றுவார்கள். அந்தத் தராசு எலியாஸின் பொறுப்பு. புதிய தராசு வரவழைத்தான், அதுவும் அதையே சொன்னது. வீட்டு நெல் தராசில் ஐம்பது கிலோ இருப்பவர் ஓடுதளத்தில் முந்நூறு, நானூறு இருந்தார். வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடல் தாண்டித் தொராஜாவிலிருந்து வந்த பெர்த்தா டீச்சர் ஒன்பது வருடம் கழித்து விடுமுறைக்குப் புறப்பட்டபோது, இரண்டு தராசிலும் அறுபத்தொன்றுதான். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஒம்பது வருஷம் உங்க உப்பைத் தின்னிருக்கேன், எலியாஸ். நல்லாப் பாருங்க."

"உப்பு தின்னா கனம் வராது டீச்சர். சேத்துல எறங்கணும்."

புகை போன மூன்றாம் வருடத்தில் நாங்கள் புறப்படுவதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தோம். அப்போதுதான் என் மனைவி ரிபுவின் வயிற்றில் கட்டி வந்தது. கடலோரத்துத் தாராக்கானில் அறுத்து எடுக்கலாம் என்று செவிலி சொன்னாள், மழை தொடங்குமுன் போனால். தூளியில் கிடத்தி மலை வழியாகத் தூக்கிப் பார்த்தோம். கணவாயின் முதல் ஏற்றத்திலேயே மூங்கில் முறிந்தது. ஓடுதளத்துக்குக் கொண்டுபோனோம். நானூற்றுப் பன்னிரண்டு.

"அக்கா, ஊரையே மடியில கட்டிக்கிட்டு வந்தீங்களா?" என்றான் எலியாஸ்.

"நீ எறங்கி நில்லுடா, ஒன் காலும் தராசுல இருக்கு," என்றாள் ரிபு. அவன் கால் தரையில்தான் இருந்தது.

நோயாளி என்பதால் தொண்ணூற்றைந்து வரை ஏற்றுவதாக விமானி ஒப்புக்கொண்டார். எது கனக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரிபுதான் கண்டுபிடித்தாள். தன் மூன்று எருமைகளை என் தம்பிக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றாள், முந்நூற்று முப்பது. தாய்வழியில் வந்த வயலை பெர்த்தா டீச்சருக்குக் கொடுத்தாள், இருநூற்றுப் பதினைந்து. வீட்டை என் பெயருக்கு விட்டாள், நூற்று முப்பத்தொன்று. அதற்கு மேல் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. முள் அசையவில்லை. விமானம் அரிசி ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

மிச்சம் பெயர்தான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்கும். எங்களில் முதல் குழந்தை பிறந்ததும் தாயும் தகப்பனும் பழைய பெயரை விட்டுவிட்டு, விருந்து வைத்து, ஒரே புதுப் பெயரை எடுத்துக்கொள்வார்கள். யுல்தா பிறந்தபோது முராங்காக இருந்த அவளும் சாகாயாக இருந்த நானும் ரிபு ஆனோம். அவள் என்னை ரிபு என்பாள், நான் அவளை ரிபு என்பேன். ஊர் பெரிய ரிபு, சின்ன ரிபு என்று பிரித்துக் கூப்பிடும். அவள்தான் பெரிய ரிபு.

நான்காம் நாள் அடுப்படியில் கேட்டாள்.

"அதையும் குடுத்துட்டா யுல்தாவுக்கு அம்மா யாரு?"

"நான் வெச்சிருக்கேன்," என்றேன். "திரும்பி வந்து வாங்கிக்கோ."

"தொலைச்சிடுவ நீ. கத்தியையே மாசத்துக்கு ஒண்ணு தொலைக்கிற."

பெயரைத் திருப்பிக் கொடுக்கும் சடங்கு எங்களிடம் இல்லை. பெயர் எடுத்த விருந்தில் குழைந்த சோற்றை இலையில் பொதிந்து கொடுத்திருந்தோம். அன்று சாப்பிட்டவர்கள் ஆளுக்கொரு வெறும் இலையோடு வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு, "முராங்" என்று ஒருமுறை கூப்பிட்டுப் போனார்கள். கடைசி இலை என்னுடையது. மறுநாள் ஓடுதளத்தில் அவள் முப்பத்தெட்டு கிலோ இருந்தாள். எலியாஸ் எண்ணைச் சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். விமானம் மேலே கிளம்பியபோது நான் கையசைத்தேன். யாரோ ஒரு பெண் ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்த ஆறாம் நாள் அவள் தாராக்கானில் இறந்தாள். பெட்டியோடு சேர்த்து ஐம்பத்தொன்று என்று அங்கே எழுதி அனுப்பியிருந்தார்கள். விமானம் புல்லில் இறங்கி நின்றது. இரண்டு பேர் பெட்டியைத் தூக்க வந்தார்கள். கதவு திறந்ததும் நான் போய், "ரிபு, வாங்கிக்கோ," என்றேன்.

சக்கரங்கள் மெதுவாக அச்சுவரை மண்ணுக்குள் இறங்கின. விமானி கீழே குதித்து இறங்கிப் பார்த்தார். எலியாஸ் கயிறு எடுத்து வந்தான், தம்பி அந்த மூன்று எருமைகளையும் ஓட்டி வந்தான். பன்னிரண்டு பேர் பிடித்தும் யுல்தாவின் பக்கத்தில் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க மாலையாகிவிட்டது.

பெர்த்தா டீச்சர் அடுத்த விடுமுறைக்குப் புறப்பட்டபோது நூற்று எழுபத்தாறு இருந்தார். முதலில் சிரித்தார். பிறகு, தொராஜாவில் அம்மா காத்திருப்பது நினைவுக்கு வந்து, தராசின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். இப்போது அவருடைய நெல்லும் என் நெல்லும் ஒரே சமயத்தில் விளைகின்றன. சக்கரம் இறங்கிய இரண்டு பள்ளங்களிலும் மழைக்காலத்தில் எருமைகள் தண்ணீர் குடிக்கின்றன. விமானிகள் அவற்றுக்குச் சற்று முன்னாலேயே விமானத்தை நிறுத்தப் பழகிக்கொண்டார்கள்.