வெண்மதியின் பிடரிக் கண்கள்

2006 ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதுநகரில் ஒன்பதாம் வகுப்புப் படித்த வெண்மதியின் பிடரியில் இரண்டு கண்கள் திறந்தன. தலை வாரிக்கொண்டிருந்த அவள் அம்மா அமராவதிதான் முதலில் பார்த்தாள். "மெதுவா வாரும்மா, கண்ணுல குத்துது" என்றாள் வெண்மதி. அமராவதி அவை வெளியே தெரியாதபடி இரட்டைச் சடையைத் தாழ்த்திப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பினாள். வீட்டில் அழுவதற்கு வேறு காரணம் இருந்தது.

பதினாறு நாள் முன்புதான் வெண்மதியின் அண்ணன் சித்தார்த்தை வெட்டிக் கொன்றிருந்தார்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பையன். கபடியில் பக்கத்துத் தெருப் பழனிவேலின் அணியைத் தோற்கடித்துவிட்டு, கோப்பையோடு அந்தத் தெரு வழியாகவே வீடு திரும்பியதுதான் சித்தார்த் செய்தது. ரயில்வே கேட்டருகே அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டே நடந்தபோது பின்னாலிருந்து பைக் வந்தது. கேட்ட கேள்விக்கு அண்ணனிடமிருந்து பதில் வராததால்தான் அவள் திரும்பினாள். கேட் திறக்கக் காத்திருந்த நாற்பது பேரும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைக்கில் போனவர்கள் முகத்தைத் துண்டால் மறைத்திருந்தார்கள். பழனிவேலின் சிரிப்புச் சத்தம் மட்டும் அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

புதுக் கண்கள் தூங்கவில்லை. முதுகுக்குப் பின்னால் யார் கையை உயர்த்தினாலும், அது சோம்பல் முறிக்கவே என்றாலும், அவள் குனிந்துகொண்டாள். கணக்கில் நூறு எடுத்தவள் பன்னிரண்டு எடுத்தாள். சிதம்பரத்துக் கண் டாக்டர் நான்கிலும் பார்வை சரியாக இருப்பதாகச் சொல்லிச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார்.

2008இல் வழக்கு விசாரணைக்கு வந்தது. பார்த்ததாகச் சொல்ல அவளைத் தவிர ஆளில்லை. "பின்னாலேர்ந்து வந்தவங்கள நீ எப்படிம்மா பாத்த? முதுகுல கண்ணா இருக்கு?" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். வெண்மதி சடையை விலக்கித் திரும்பி நின்றாள். வக்கீல் குனிந்து பார்த்தார். "சரி, இது அன்னிக்கி இருந்துச்சா?"

"இல்ல சார். அப்புறந்தான் வந்துச்சு."

குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டார். பழனிவேல் விடுதலையானான். அன்று மாலை பேருந்து நிறுத்தம்வரை அவன் அவள் பின்னால் நடந்து வந்ததையும், பிடரியைப் பார்த்துக் கண்ணடித்ததையும் அவள் திரும்பாமலே பார்த்தாள்.

2010இல் சிதம்பரத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்தாள். அறைத் தோழி சத்யப்பிரியா பதினேழு வயதுக்காரி, ஸ்ரீமுஷ்ணம் பக்கம். காதலித்ததற்காக அவள் அப்பா வீட்டு வாசலில் வைத்து அவளை அடித்தது பற்றிய ஊர்ப்பேச்சு விடுதிவரை வந்திருந்தது. தீபாவளி விடுமுறை முடிந்து வந்தவள் ஒரு காலை, "மதி, பின்னந்தலைல ஒரே அரிப்பு. என்னான்னு பாரேன்" என்றாள்.

வெண்மதி முடியை விலக்கினாள். தோலுக்கடியில் இரண்டு இமைகள் துடித்துக்கொண்டிருந்தன.

"நாளைக்குத் தெறந்துரும்" என்றாள். "தலைக்குக் குளிக்கறப்ப சீயக்கா போடாத. எரியும்."