பென்சில் புள்ளடி

வளைகுடாவின் எண்ணெய் ஊரான ருவைஸில் வெள்ளிக்கிழமைகளில் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடும். அன்றைக்கு சிவசங்கரன் வீட்டு மீன்குழம்புக்கு இரண்டு பேர் வருவார்கள். இருவரும் அவரோடு எண்ணெய் ஆலையில் வேலை செய்கிறவர்கள். ஒருவர் மதுரைக்காரர் விஜயபாஸ்கர். மற்றவர் இங்கிலாந்தில், பிராட்ஃபர்டில் பிறந்த ஹஸ்னைன். சிவசங்கரனும் அவர் மனைவி ஜலஜாவும் யாழ்ப்பாணத்தவர்கள். லண்டனில் சில வருடங்கள் இருந்து, பிரிட்டிஷ் பாஸ்போர்ட் எடுத்த பிறகு இங்கே வந்தவர்கள். அது ஜூன் மாதம்; ஜூலையில் பிரிட்டனில் பொதுத்தேர்தல் நடக்கவிருந்தது. அதனால் முள் எடுக்கும்போதுகூடக் கட்சிப் பேச்சுதான்.

"ஒரே ஆக்கள் பதினாலு வருஷம் ஆண்டிட்டாங்கள். காணும். இந்த முறை லேபர்தான்," என்றார் சிவசங்கரன்.

ஹஸ்னைன் ஆங்கிலத்தில் சொன்னார்: "என் அப்பாவும் இப்படித்தான். லேபர் என்றால் போதும், நிற்கிறவர் யாரென்றுகூடக் கேட்க மாட்டார். அவர்கள் வந்ததும் வரி கூடப்போகிறது, பாருங்கள்."

சிவசங்கரன் விஜயபாஸ்கர் பக்கம் திரும்பித் தமிழில், "வரி இல்லாத ஊரில இருந்துகொண்டு இவருக்கு வரிக் கவலை," என்றார். விஜயபாஸ்கர் அதை ஹிந்தியில் எடுத்துச் சொல்ல, வீட்டில் உருது பேசி வளர்ந்த ஹஸ்னைன் சோற்றுக் கையோடு சிரித்தார்.

"சரி, இங்க இருந்துக்கிட்டு அங்க எப்படி சார் ஓட்டுப் போடுவீங்க?" என்று கேட்டார் விஜயபாஸ்கர்.

"லண்டனில எங்கட பழைய தொகுதியிலயே என்ர தங்கச்சி வதனி இருக்கிறா. எங்களுக்குப் பதிலா அவ போய்ப் போடுவா. சட்டமே விடுகுது. பேப்பரில நாங்கள் சொல்லுற ஆளுக்கு நேர ஒரு புள்ளடி, பெருக்கல் குறி மாதிரி. பென்சிலால."

"பென்சிலாலயா? யாராவது அழிச்சுட்டா?"

"ஆர் அழிக்கிறது?"

விஜயபாஸ்கர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். "எங்க ஊர்ல விரல்ல வைக்கிற மையே ஒரு மாசத்துக்குப் போகாது. ஒரு ராஜ்ஜியத்தையே பென்சிலால மாத்துறாங்களா," என்றார்.

அப்பளத் தட்டோடு வந்த ஜலஜா அப்படியே நின்றாள். அந்தக் குறியை அவள் ஒரு தடவையும் போட்டதில்லை. போர்க்காலத்தில் வன்னியில் இருந்தபோது இடம்பெயர்வதிலேயே தேர்தல்கள் கடந்து போயின. லண்டனில் கைக்குழந்தையும் குளிருமாக நாள் போனது. வாக்காளராகத் தன்னைப் பதிந்துகொள்ள வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. யாரும் சொல்லவுமில்லை. இந்த வருடம்தான் மகள் சம்யுக்தா கம்ப்யூட்டரில் அம்மாவின் பெயரையும் பதிந்தாள்.

சம்யுக்தா அதோடு விடவில்லை. அவர்களுடைய பழைய தொகுதியில் நிற்கிற எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினாள். என் அம்மா பாலைவனத்தில் ஒரு எண்ணெய் ஊரில் இருக்கிறார், அவர் ஏன் உங்களுக்கு வாக்களிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். பெரிய கட்சிகளிடமிருந்து அச்சில் வார்த்த மாதிரி ஒரே பதில்கள் வந்தன. ஒருவர் மட்டும் தொலைபேசியில் கூப்பிட்டார்.

ஜலஜா அப்போது இறால் உரித்துக்கொண்டிருந்தாள். சம்யுக்தா போனை அம்மாவின் காதில் வைத்துப் பிடித்தாள். கூப்பிட்டது மார்கரெட் என்ற வயதான பெண். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர், எந்தக் கட்சியிலும் இல்லாமல் தனியாக நிற்கிறார். உங்களுக்கு இங்கே என்ன குறை இருந்தது, சொல்லுங்கள் என்று கேட்டார். ஜலஜா உரித்த இறாலைக் கிண்ணத்தில் போட்டாள். பிறகு, ஆஸ்பத்திரிக்கு முன்னாலிருந்த பஸ் நிறுத்தத்துக்குக் கூரை இல்லை, பிள்ளையோடு மழையில் நின்றிருக்கிறேன் என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னாள்.

"இன்னும் இல்லை," என்றார் அந்த அம்மா. "அந்தக் கூரைக்காகவும்தான் நான் நிற்கிறேன்."

போன் ஓய்ந்த பிறகும் ஜலஜா கையைக் கழுவவில்லை. பாராளுமன்றத்துக்குப் போக நினைக்கிற ஒருவர், இவ்வளவு கடலுக்கு இந்தப் பக்கம், இறால் நாற்றம் அடிக்கிற குசினிக்குள் வந்து தன்னிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஆலையின் உயரமான குழாயில் நெருப்பு வெயிலோடு வெயிலாக எரிந்துகொண்டிருந்தது. தினமும் பார்க்கிற நெருப்புதான். அன்றைக்கு அது புதிதாகத் தெரிந்தது.

அன்று பின்னேரமே சிவசங்கரன் தங்கையோடு பேசுவது கேட்டது. "எங்கட ரெண்டும் லேபருக்கு, வதனி. மறந்திடாத."

அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். கோயில் அர்ச்சனைக்கும் கல்யாணக் காசுக்கும் அவர் ஒரே போனில் இரண்டு பேருக்குமாகச் சொல்லிவிடுவார். இதையும் அப்படிச் சொன்னார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கேட்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஜலஜா தனியாக வதனியைக் கூப்பிட்டு, தன்னுடையது லேபருக்கு வேண்டாம் என்றாள்.

"ஐயோ அண்ணி, அண்ணா ரெண்டும் லேபர் எண்டுட்டார்," என்றாள் வதனி. "நான் மாத்திப் போட்டாப் பிறகு கரைச்சல் வரும். நீங்கள் அவரிட்டச் சொல்லிப்போட்டுச் சொல்லுங்கோ, போடுறன்."

ஜலஜா சொல்ல நினைத்து நினைத்து நாட்களை விட்டாள். சோறு போடும்போது சொல்லலாம் என்று போவாள். ரசத்தை ஊற்றிவிட்டு வந்துவிடுவாள்.

வாக்களிப்பு நாள் வந்தது. வேலை முடிந்து விஜயபாஸ்கரும் தேநீருக்கு வந்திருந்தார். அப்போது வதனி வீடியோவில் கூப்பிட்டாள். ஒரு சின்னப் பள்ளிக்கூட வாசலில் குடையோடு நின்றாள். பக்கத்துக் கம்பியில் யாரோ ஒரு நாயைக் கட்டிவிட்டு உள்ளே போயிருந்தார்கள். போலீஸ் இல்லை, கொடி இல்லை, ஒலிபெருக்கி இல்லை.

"இதுவா பூத்து? நாய்க்குட்டி காவலுக்கு உக்காந்திருக்கு," என்றார் விஜயபாஸ்கர் மெதுவாக. பகடி செய்கிற குரலாக அது இல்லை.

"உள்ள போன் பாவிக்கக்கூடாது அண்ணா. இப்ப போகப்போறன். கடைசியாச் சொல்லுங்கோ."

"சொன்னதுதானே. ரெண்டும்..."

ஜலஜா கையை நீட்டி அவரிடமிருந்து போனை வாங்கினாள். "வதனி, என்ரதை மார்கரெட்டுக்குப் போடு. கட்சி இல்லாம நிக்கிறவ."

சிவசங்கரன் அவளைப் பார்த்தார். "ஆரது?"

"பஸ் ஓட்டின அம்மா. என்னோட போனில கதைச்சவ."

"அவ வெல்லமாட்டா, ஜலா. வீணாப் போயிடும்."

"தெரியும். நான் இதுக்கு முன்னம் ஒரு புள்ளடியும் போட்டதில்லை. முதலாவது. இது என்ரையா இருக்கட்டும்."

விஜயபாஸ்கர் தேநீர்க் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். லண்டனில் அந்த நாய் ஒருமுறை குரைத்தது. சிவசங்கரன் கன்னத்தைத் தடவினார்.

"நீர் ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு போன் பக்கம் குனிந்தார். "வதனி, அண்ணி சொன்னதைப் போடு. அதுக்காக என்ரதையும் மாத்திப் போடாத."

திரை அணைந்தது. ஜலஜா பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு போனாள், திரும்பக் கொண்டுவந்தாள், மறுபடியும் எடுத்துப் போனாள். தன் கை இங்கே வடைத் தட்டைப் பிடித்திருக்கும் இதே நேரத்தில், எங்கோ ஒரு பள்ளிக்கூட அறைக்குள் அவள் பெயரைச் சொல்லி ஒரு வாக்குத் தாளைக் கிழித்துக் கொடுக்கிறார்கள்.

வதனி மறுபடி கூப்பிட்டபோது மழை விட்டிருந்தது. அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

"மூண்டு பேப்பர் தந்தவங்கள். அண்ணாவின்ர, உங்கட, என்ர. பென்சில் நூலில கட்டிக் கிடந்தது. அண்ணாவின்ரதைப் போட்டன். உங்கடதைப் போட்டன், அண்ணி. பிறகு என்ரதை எடுத்துப்போட்டு அப்பிடியே நிண்டன்."

"ஏன்?" என்றார் சிவசங்கரன்.

"இவ்வளவு காலமும் என்ர புருசன் சொன்னதைத்தானே போட்டனான். இண்டைக்கு அண்ணி கேட்ட பிறகு, எனக்கு ஆர் வேணும் எண்டு நானே யோசிச்சன். பின்னால நிண்டவ இருமினவ. நான் அவசரப்படேல்லை."

"ஆருக்குப் போட்டனி?"

வதனி குடையைச் சுருக்கினாள். "அது சொல்லக்கூடாது அண்ணா. இரகசியம்."

விஜயபாஸ்கர் சத்தமாகச் சிரித்தார். சிவசங்கரனும் தாமதமாகச் சேர்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அந்தத் தொகுதியின் முடிவை நேரலையில் பார்த்தார்கள். ஒரு விளையாட்டு மண்டப மேடையில் வேட்பாளர்கள் வரிசையாக நின்றார்கள். லேபர்காரர் வென்றார். சிவசங்கரன் சோபாவில் சாய்ந்துகொண்டார். வென்றவருக்கு அருகிலேயே, அதே மேடையில், பச்சைக் கம்பளிச் சட்டையோடு ஒரு வயதான பெண் நின்றார். அதிகாரி எல்லோருக்கும் வாசித்த அதே குரலில் மார்கரெட்டின் வாக்குகளையும் வாசித்தார். நானூற்றுப் பதினேழு.

"இஞ்ச பார், சம்யு," என்றார் சிவசங்கரன். "அதுக்குள்ள ஒண்டு எங்கட வீட்டில இருந்து போனது."

பிறகு திரும்பி ஜலஜாவைப் பார்த்தார். அவள் எழுந்து நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.