நிற்கத் தெரிந்த வண்டி

காரை விற்றுவிடலாம் என்ற முடிவைத் தாண்டவராயன் சமையலறைக்குள் வந்து, குரலைத் தாழ்த்தி, மனைவி சகுந்தலாவிடம் சொன்னார். வாசலில் நிற்கும் காரின் காதில் விழுந்துவிடக் கூடாதாம்.

“இன்னாத்துக்கு இப்படிக் குசுகுசுன்னு பேசறீங்க? அதுக்கு ஹாரனே அடிக்கல. காது மட்டும் கேக்கப் போவுதா?” என்றாள் சகுந்தலா, களி கிளறியபடி.

பெரிய முடிவுகள் எடுக்கும் நேரத்தில் தாண்டவராயன் சின்னப் பேச்சுகளைக் காதில் வாங்குவதில்லை. சகுந்தலா பேசுவதெல்லாம் சின்னப் பேச்சு என்பது கல்யாணமான புதிதிலேயே அவர் எடுத்த பெரிய முடிவு.

ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள ஊர்களில் புளி வாங்கிக் கீழே அனுப்புகிற வியாபாரி அவர். கார், நீளமான கறுப்பு வெளிநாட்டு செடான். சென்னையில் யாரோ ஒரு சினிமா ஃபைனான்சியர் ஓட்டி, அவரிடமிருந்து ஒரு பல் டாக்டர் வாங்கி ஓட்டி, பல் டாக்டரும் கைவிட்ட பிறகு மலையேறி வந்தது. தாண்டவராயன் மட்டும் “நேரா ஃபாரின்ல இருந்து எறக்குனது” என்பார். முன்சீட்டில் அவர் உட்கார்ந்ததே கிடையாது. மச்சினன் மகன் சுரேஷ் ஓட்டுவான். இவர் பின்சீட்டில் சாய்ந்து, ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்க, முழங்கையை வெளியே வைத்துக்கொண்டு வருவார். அந்தக் கண்ணாடி மேலே ஏறாது என்பது வேறு விஷயம். மழைக்காலத்தில் அங்கே யூரியா சாக்கு கட்டியிருக்கும்.

கொண்டை ஊசி வளைவுகளில் கார் ஆளைச் சுமந்து ஏறாது. தாண்டவராயன் இறங்கி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாலையைப் பார்வையிட அரசாங்கமே அவரை அனுப்பியது போல் நடந்து வருவார். வேகத்தடை வந்தால் காரின் வயிறு தரையில் உரசி நீளமாய் முனகும். அந்தச் சத்தம் கேட்டதும் டீக்கடையில் இருப்பவர்கள் மரியாதைக்கு எழுந்து நிற்கிறார்கள் என்று நினைத்திருந்தார். அவர்கள் எழுந்தது தள்ளுவதற்கு.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். பொறுக்க முடியாதது ஆடி மாதத் திருவிழா.

காளியம்மனின் நகைப்பெட்டி ஊர்க்கவுண்டர் அர்ச்சுனன் வீட்டில் இருக்கும். திருவிழாவன்று அது காட்டோரத்துக் கோயிலுக்குப் போகும். பெட்டி போனால் அம்மனே போகிறாள் என்று அர்த்தம். யார் வண்டியில் அம்மன் ஏறுகிறாளோ அவர் தலைக்குத்தான் முதல் பரிவட்டம். பத்துப் பன்னிரண்டு வருஷமாக அந்தப் பட்டுத்துண்டு தாண்டவராயன் தலையில்தான் ஏறி வருகிறது. ஏறும்போது அவர் உயரம் ஒரு சாண் கூடும். அவிழ்த்த பிறகும் அது அங்கேயே இருப்பதாகப் பாவித்து வருஷம் முழுக்கத் தலையை அசைக்காமல் நடப்பார். சுளுக்கு என்று நினைத்துத் தைலம் கொடுத்தவர்களும் உண்டு.

ஆனால் வருஷா வருஷம் அம்மனை ஏற்றிக்கொண்டு போகும்போதே கார் நின்றுவிடுகிறது. முதலில் சாந்தம்மாளின் டீக்கடை முன்னால். அப்புறம் ஏரிக்கரை முனையில். கடைசியில் பலாமரத்தடியில். நின்ற இடத்திலெல்லாம் ஜனங்கள் தேங்காய் உடைத்தார்கள், கற்பூரம் காட்டினார்கள், பெண்கள் குலவையிட்டார்கள். தன் அவமானத்தை மறைக்கத்தான் ஊர் இந்தப் பாடு படுகிறது என்று பின்சீட்டில் கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பார் தாண்டவராயன். அதோடு விட்டார்களா? போன திருவிழாவுக்கு அடுத்த மாதம் பார்த்தால் அந்த இடங்களில் கல் நட்டு மஞ்சள் பூசியிருந்தார்கள். கார் நின்ற இடத்தைக் கேலிக்குக் குறித்து வைக்கிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது. இன்னொரு தடவை நின்றால் பரிவட்டம் எவனாவது டிராக்டர்காரன் தலைக்குப் போய்விடும்.

ஒடுகத்தூரிலிருந்து பழைய இரும்பு வியாபாரி ஒருவர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். டயரை உதைத்தார். கதவைத் திறந்து, கையில் வந்த கைப்பிடியை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்.

“எடை போட்டு எட்த்துக்கறேங்க.”

“எடையா?” தாண்டவராயனுக்கு முகம் சிவந்தது. “இது கௌரவம்யா. கௌரவத்த தராசுல நிறுத்துவியா நீ?”

“நிறுத்தலாங்க. இஞ்சின தனியாப் போட்டா நல்லா நிக்கும்.”

அவரை அனுப்பிவிட்டு, “வண்டி போனா நல்ல கைக்குத்தான் போவணும்” என்று அறிவித்தார். அவர் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம் சகுந்தலா நல்ல கையைக் கண்டுபிடித்தாள். சாந்தம்மாளுக்கு டீக்கடையோடு கோழி வளர்ப்பும் உண்டு. கீரிப்பிள்ளைத் தொல்லை தாங்காமல் இரும்பில் ஒரு கூண்டு தேடிக்கொண்டிருந்தாள். காருக்கு ஈடாக வருஷம் முழுக்க வீட்டுக்கு முட்டை என்று பேச்சு முடிந்தது. இளவட்டங்கள் தள்ளிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னால் நிறுத்தினார்கள்.

“கோழிக்கா?” என்றார் தாண்டவராயன், வந்து கேள்விப்பட்டதும்.

“சீட்டு மெத்து மெத்துன்னு கீதாம். நல்லா அடை ஒக்காரும்னு சந்தோசப்பட்டா. அந்தக் கார்ல ஒக்காந்துனு உருப்படியா ஒரு வேலை செய்யப் போறது அதுங்கதான்.”

இரண்டு நாள் துக்கம் காத்துவிட்டு, மூன்றாம் நாள் சுரேஷையும் சகுந்தலாவையும் கூட்டிக்கொண்டு திருப்பத்தூருக்குப் பஸ் ஏறினார். புளி மூட்டை ஏற்ற ஒரு பிக்கப் வண்டி போதும் என்று சகுந்தலா வழிநெடுகச் சொன்னாள். சின்னப் பேச்சு.

ஷோரூமில் நதியா என்ற பெண் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து வரவேற்றாள். தாண்டவராயன் நீளமான செடான்தான் வேண்டும் என்றார்.

“சார், இப்பெல்லாம் பெரிய மனுஷங்க யாரும் தாழ்வா ஒக்கார்றதில்ல சார். எல்லாம் எஸ்.யூ.வி.தான். மேல இருந்து பார்ப்பாங்க.”

பத்து வருஷத்துக்கு மேலாகத் தான் தாழ்வாக உட்கார்ந்திருந்த விஷயம் தாண்டவராயனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. வெள்ளை நிறத்தில் ஒரு எஸ்.யூ.வி.யின் பின்சீட்டில் ஏறினார். ஏறுவதற்குச் சுரேஷ் இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. மேலே போனதும் நதியாவின் தலை உச்சி தெரிந்தது. மனசு நிறைந்துவிட்டது.

“சொன்னா கேக்கும் சார் இந்த வண்டி. ஏ.சி.ய கூட்டுன்னா கூட்டும்.”

“வூட்டுல ஒண்ணாவது கேக்கட்டும், வாங்கிக்கோங்க” என்றாள் சகுந்தலா.

தாண்டவராயன் குனிந்து ரகசியம் போலக் கேட்டார். “மலை ரோடு. நடுவுல எங்கியாவது நின்னுடுமா?”

“நிக்கவே நிக்காது சார். கேரண்டி.”

அந்தக் கேரண்டிக்காகவே கையெழுத்துப் போட்டார்.

திருவிழாவன்று வெள்ளை வண்டி மாலை போட்டுக்கொண்டு அர்ச்சுனன் வீட்டு வாசலில் நின்றது. மேளம் கொட்ட, அர்ச்சுனன் நகைப்பெட்டியைத் தலையில் சுமந்து வந்து பின்சீட்டில் வைத்தார். அவ்வளவுதான். வண்டி ‘டிங் டிங் டிங்’ என்று கத்த ஆரம்பித்தது.

“இன்னாடா இது, அம்மா மேல சத்தம் போடுது?” என்றார் அர்ச்சுனன்.

“பெல்ட்டு போடணும் கவுண்டரே. ஆள் ஒக்காந்துனு கீறதா நெனச்சிக்கிச்சி” என்றான் சுரேஷ்.

காளியம்மனுக்கு சீட் பெல்ட் மாட்டினார்கள். சத்தம் நின்றது. வண்டிக்கே அம்மன் இருப்பது தெரிந்துவிட்டது என்று தாண்டவராயன் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். சிலர் தலையாட்டவும் செய்தார்கள்.

வண்டி வழுக்கிக்கொண்டு போனது. முனகல் இல்லை, புகை இல்லை. டீக்கடை முன்னால் சாந்தம்மாள் தேங்காயும் சூடமுமாக, குளித்து ஈரத்தலையோடு நின்றிருந்தாள். வண்டி அவளைத் தாண்டிப் போனது. அவள் கையில் கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. ஏரிக்கரை முனையில் தட்டோடு நின்ற ஐந்தாறு வீட்டுக்காரர்களையும் தாண்டியது. பின்சீட்டில் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த தாண்டவராயன், பரிவட்டத்துக்குத் தோதாகத் தலையை நேராக வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்.

பலாமரத்தடிக்கு முன்னால் ஜனங்கள் சாலையை மறித்தார்கள். பின்னால் சாந்தம்மாள் ஓடி வந்து சேர்ந்தாள்.

“அம்மா என்னைப் பாக்காமயே பூட்டா கவுண்டரே. எங்கடை வாசல்ல நிக்காத வருசம் உண்டா? நான் இன்னா தப்பு பண்ணேன்?”

“எங்க முனையிலயும் நிக்கல” என்றது பின்னால் ஒரு குரல்.

தாண்டவராயனுக்கு எதுவும் புரியவில்லை. “ஏம்மா, அப்ப வண்டி ரிப்பேரு. அதனால நின்னுச்சி.”

அர்ச்சுனன் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். “ரிப்பேரு தானா வருமா? அம்மா நெனச்ச எடத்துல வண்டி நின்னுச்சி. அதான கல்லு நட்டுக் கும்புடறோம். உன் வண்டிக்கு இருந்த அறிவு எந்த வண்டிக்கும் இல்லன்னுதான உனக்கு வருசா வருசம் பரிவட்டம் கட்டனோம். வேற எதுக்குன்னு நெனச்ச?”

வேறு எதுக்கு என்று தாண்டவராயன் நினைத்திருந்தாரோ அதை வெளியே சொல்லிக்கொள்ள முடியாது. “சரி, சுரேசு, திருப்புடா. ஒவ்வொரு எடத்துலயும் நிறுத்திட்டு வரலாம்” என்றார்.

“நீ நிறுத்தினா அது நீ நிறுத்தினது” என்றார் அர்ச்சுனன். “அம்மா நிறுத்தினாத்தான் கணக்கு. இது அவ பேச்சு கேக்காத வண்டி. எறக்கு பெட்டிய.”

அம்மனின் பெல்ட்டை அவிழ்ப்பதற்குள் நாலு பேர் முயன்று, கடைசியில் சுரேஷ்தான் அவிழ்த்தான். பெட்டி அர்ச்சுனன் தலைக்குப் போனது. கூட்டம் மொத்தமும் டீக்கடைக்குத் திரும்பி, கடைக்குப் பின்னால் போய்க் கறுப்புக் காரைச் சூழ்ந்துகொண்டது. கோழிகள் கூச்சலிட்டுக்கொண்டு இறங்கி ஓடின. பின்சீட்டில் ஒரு செவலைக் கோழி மட்டும் அசையவில்லை. சிறகை விரித்து, கண்ணை உருட்டி, தாண்டவராயனைப் பார்த்தது. அவர் உட்காரும் இடம் அது.

“அத எழுப்பாதீங்க. அடை ஒக்காந்துனு கீது. எழுப்புனா முட்டை கூமுட்டையாப் பூடும்” என்றாள் சாந்தம்மாள்.

“அம்மா எங்க ஒக்கார்றது?” என்றார் அர்ச்சுனன்.

“முன்சீட்டுல ஒக்காரட்டும். புள்ளத்தாச்சி மாதிரி கீறவள எழுப்பிட்டா ஒக்காருவா அவ?”

ஊர்க்கவுண்டருக்கு அது நியாயமாகப் பட்டது. காளியம்மன் முன்சீட்டில் அமர்ந்தாள். ஆனால் இஞ்சின் எப்போதோ செத்திருந்தது. இழுக்க ஏதாவது வேண்டும். எல்லோரும் வெள்ளை வண்டியைப் பார்த்தார்கள்.

சுரேஷ் பழைய காரின் ஸ்டியரிங்கைப் பிடித்தான். வெள்ளை வண்டியைத் தாண்டவராயனுக்கு ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக முன்சீட்டில் ஏறினார். ஆட்டோமேட்டிக் வண்டி என்பதால் அது அவரை மன்னித்தது. புளி மூட்டை கட்டும் கயிற்றால் இரண்டு வண்டிகளையும் பிணைத்தார்கள். கிளம்பிய உடனே, டீக்கடை வாசலிலேயே, கயிறு அறுந்தது.

“நின்னுட்டா பாத்தியா” என்று சாந்தம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு தேங்காய் உடைத்தாள். குலவை மலையில் எதிரொலித்தது.

முடிச்சுப் போட ஆள் வேண்டுமே. மேளக்காரர் மேளத்தை விடமாட்டார், சுரேஷ் பிரேக்கை விடமாட்டான். தாண்டவராயன் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் குனிந்தார். ஏரிக்கரை முனையில் மறுபடி அறுந்தது. மறுபடி குனிந்தார். பலாமரத்தடிக்குக் கொஞ்சம் முன்னாலேயே, இதுவரை நிற்காத ஓர் இடத்தில் அறுந்தபோது, அங்கே புதுக் கல் நட இடம் பார்த்தார்கள்.

கோயில் வாசலில் அர்ச்சுனன் பட்டுத்துண்டை உதறினார். வேட்டியெல்லாம் கிரீஸோடு தாண்டவராயன் முன்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

“கவுண்டரே, ஒரு விசயம். அந்தக் கார் ஆர்.சி. புக்கு இன்னும் எம் பேர்லதான் கீது.”

“அம்மா புக்கப் பாத்தா ஏறுனா?” என்றார் அர்ச்சுனன். “சாந்தம்மா, வா முன்னால.”

சாந்தம்மாளின் ஈரத்தலை மேல் பரிவட்டம் ஏறியது. “எனக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே, அது நழுவாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கயிறு பிடித்தவர்கள் வகையில் தாண்டவராயனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் கிடைத்தது.

மறுநாள் காலையில் வெள்ளை வண்டியைச் சாந்தம்மாள் கடைக்கு எதிரில் நிறுத்திவிட்டு தாண்டவராயன் இறங்கினார்.

“சாந்தம்மா, வண்டிக்கு வண்டி. இத நீ எட்த்துக்க. அத எனக்குக் குடுத்துடு.”

சாந்தம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தாள். உள்ளே எட்டி சீட்டைத் தடவினாள்.

“வழவழன்னு கீது. காலு நிக்காது அதுங்களுக்கு.” மேலே அண்ணாந்தாள். “அது இன்னாங்க, கூரையில கண்ணாடி?”

“பட்டன அமுக்குனா தொறக்கும். உள்ள இருந்தே வானத்தப் பாக்கலாம்.”

“பருந்துக்கும் உள்ள கீறது தெரியுமே” என்று சொல்லி, கதவை மூடிவிட்டு அடுப்பிடம் போனாள்.

தாண்டவராயன் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரு டீ சொன்னார்.

“இத வேணாம்னா போவுது. அத எப்ப குடுப்ப? அதச் சொல்லு.”

“குஞ்சு பொரிஞ்சி, எறங்கி, தானா மேயணும். அப்புறம் பேசலாம்.”

“அதுக்கு எத்தினி நாள் ஆவும்?”

சாந்தம்மாள் டீயை ஆற்றி அவர் கையில் கொடுத்தாள்.

“அது கோழியோட இஸ்டங்க” என்றாள்.