நாலு பூவுக்கு ஒரு கூரை

1956 புரட்டாசி, கன்னிப்பூ அறுப்பு முடிந்த மூன்றாம் நாள். பூதப்பாண்டிச் சாலையோரத்தில் தன் பழைய வைக்கோல் புரையின் கூரையை வள்ளிநாயகம் பிள்ளை பிரிக்கச் சொன்னார். மகள் உலகம்மைக்கு அதுதான் ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு அவள் திரும்பியிருந்தாள். அங்கே புதுச் சட்டம். பயிற்சிக்கு வந்த வெளிநாட்டு டாக்டர்கள் சொந்த நாட்டில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தால்தான் அங்கே குடியேற முடியும். இரண்டு வருஷம் என்றால் நாலு பூ, நாலு போகம். கன்னிப்பூ இரண்டு, கும்பப்பூ இரண்டு. வயலைப் பாட்டக் குத்தகைக்கு விடுகிறவருக்கு வேறு கணக்கு வராது. நாலு பூ கழிந்தால் போய்விடுவாள். அதுவரைக்கும் ஓலை போதும்.

வண்டியிலிருந்து ஓலை இறங்கும்போது கடைக்கார வைகுண்டராஜன் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன வே, மகளை அமெரிக்காக்காரன் பத்தி விட்டுட்டானாமே?"

"சட்டம்லா வே. ஒம்ம பயலுவளை ஆரல்வாய்மொழிக்கு அந்தால எவனாவது கூப்பிட்டிருக்கானா, பத்தி விடுகதுக்கு?"

கூரைமேல் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிள்ளைக்குச் சிரிப்பு வரவில்லை. மாட்டைத்தான் பத்துவார்கள்.

மத்தியானம் நாகர்கோவிலிலிருந்து செல்லபாய் வந்தாள். அமெரிக்காவில் உலகம்மையோடு ஒரே ஆஸ்பத்திரியில் பயிற்சியில் இருந்தவள். மோரைக் குடித்துவிட்டு, கேட்காமலே சொன்னாள்.

"எங்களையெல்லாம் போன்னுட்டாங்க அப்பா. இவளை மட்டும் பெரிய டாக்டர் விடமாட்டேன்னாரு. சர்க்காருக்கு எழுதி விலக்கு வாங்கித் தாறேன், இங்கயே இருன்னாரு. இவதான் வேண்டாம்னுட்டா. நானா இருந்தா அங்கயே பாயை விரிச்சிருப்பேன்."

பிள்ளை எழுந்து வெளியே வந்தார். சாலையில் போகிற யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது. வைகுண்டராஜன் கடைவரை போய் வந்தால் என்ன என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். போகவில்லை. புரைக்குத்தான் போனார்.

உலகம்மை உள்ளே நின்று, மேஜைக்கு எந்தப் பக்கம் வெளிச்சம் விழும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கூரைக் கழுக்கோல்களுக்கு மேலே வானம் மட்டும்தான் இருந்தது.

"பெரிய டாக்டர்கிட்ட என்ன சொன்னே?"

"ஊர்ல வேலை கெடக்குன்னேன்."

அமெரிக்காக்காரன் அனுப்பியதால் வந்தவள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்கள் எல்லோரும். அவரும்தான். தானாக வந்தவளுக்கு எந்தப் பூவை வைத்துக் கணக்குப் போடுவது?

கூரைமேல் ஆள் ஓலைக்குக் கையை நீட்டினான். பிள்ளை எடுத்துக் கொடுக்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"ஓடு போட்டிரட்டா மக்கா?"