அக்காவின் மூச்சு மிஷின்

ஊரிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்த அக்காவுக்கு, வெளிநாட்டில் இருக்கும் தம்பி வீட்டுக்குள் நுழைந்ததுமே இழுப்பு பிடித்துக்கொண்டது. பஸ் ஓட்டும் தம்பி காலை ஷிஃப்ட் முடிந்த கையோடு விமான நிலையம் போய் அழைத்து வந்திருந்தான். அவனுக்கும் கண் சொருகிக்கொண்டு வந்தது.

"டாக்டர்கிட்ட போயிடலாம்க்கா."

"இன்னொரு வண்டியில ஏறச் சொல்லாதடா. ஸ்ப்ரே அடிச்சிருக்கேன், கொஞ்ச நேரம் தாங்கும். மிஷினை மாட்டு."

மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் மிஷின் அது. பிளக்கின் உருண்டைக் கால்கள் சுவரின் தட்டைத் துளையில் நுழையவில்லை. தம்பி மனைவி அலமாரியைக் குடைந்து ஓர் அடாப்டர் எடுத்து வந்தாள். செருகினால் மிஷின் முனகியது. ஆவி மட்டும் வருவேனா என்றது.

"என்னை மாதிரியே இதுவும் ஓஞ்சுபோச்சு" என்று சிரிக்கப்போன அக்காவுக்கு இருமல்தான் வந்தது.

தம்பி மிஷினைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெரு எலக்ட்ரிக்கல் கடைக்கு ஓடினான். கடைக்காரர் அதைக் கவிழ்த்து அடியில் இருந்ததைப் படித்தார்.

"இதுக்கு இருநூத்து முப்பது வோல்ட் வேணும். இங்க வர்றது நூத்தி இருபது. அரைவயித்துக்குப் போட்டா எப்படி வேலை செய்யும்?"

"அடாப்டர் போட்டேனே?"

"அது பிளக்கோட காலைத்தான் மாத்தும், கரண்டை மாத்தாது. நல்லவேளை, இதோட போச்சு. இந்த ஊர் மிஷினை அங்க கொண்டுபோய் மாட்டியிருந்தா புகைஞ்சிருக்கும்."

வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்பார்மர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சின்னப் பெட்டிதான், செங்கல் கனம் கனத்தது. கை மாற்றி மாற்றித் தூக்கி நடக்கும்போது தம்பிக்கு உறுத்தியது. ஸ்வெட்டர் எடு, மருந்துச் சீட்டு எடு என்று போனில் ஒரு மாதமாகச் சொன்னவன், ஒன்பது வருஷம் இங்கே இருந்தும் கரண்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் மாட்டியதும் மிஷின் உறுமியது. வெள்ளையாக ஆவி கிளம்பியது. கால் மணி நேரத்தில் அக்காவின் தோள்கள் தளர்ந்து இறங்கின.

"மன்னிச்சுக்கோக்கா. சொல்லணும்னு தோணவே இல்ல."

"விடுடா. கேக்கணும்னு எனக்கும்தான் தோணல." மாஸ்க்கை விலக்கிவிட்டுத் தயங்கினாள். "உனக்குன்னு ஒரு இஸ்திரிப் பெட்டி வேற வாங்கிட்டு வந்திருக்கேனே."

தம்பி மனைவி அதை எடுத்து அடியில் இருந்ததைப் படித்தாள். ஆயிரம் வாட். இந்த டிரான்ஸ்பார்மர் தாங்குவது முந்நூறு.

அவள் அதைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். தம்பி உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போயிருந்தான்.