காற்றோட்டம் இன்னும் கொஞ்சம்

1.

"அண்ணி, நான் எழுதினதை அப்படியேதானே அடிச்சீங்க?"

"அப்படியேதான்."

"ஒரு வார்த்தைகூட மாத்தலையே?"

"நான் எதுக்குடி மாத்தப் போறேன்? பேசாம சாப்பிடு."

இந்த நான்கு வரிகளிலிருந்துதான் கதை பிறந்தது. இரண்டாவது வரி பொய். நான்காவது அதைவிடப் பெரிய பொய். சொன்னவள் ஒரு பெரிய சலவை நிலையத்தில் டைப்பிஸ்ட். கேட்டவள் அவளுடைய நாத்தனார். அதே நிலையத்தில், இஸ்திரிக் கூடத்தில் வேலை. (அண்ணியும் நாத்தனாரும் ஒற்றுமையாக இருப்பார்களா என்று சிரிக்காதீர்கள். ஒரே குடையில் வேலைக்குப் போனவர்கள்.)

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த நிலையத்தில் எல்லோருடைய கருத்துக்கும் மதிப்பு இருந்தது. ஏனென்றால் அங்கே—"

வேண்டாம், விளம்பர வாடை அடிக்கிறது. நேராகவே சொல்கிறேன். மாதக் கடைசியில் தொழிலாளர்கள் தங்கள் குறைகளைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, டைப்பிஸ்ட் எல்லாவற்றையும் ஒரே தாளில் அடித்துக் கொடுப்பாள். மேலாளர் அதைக் கூட்டத்தில் வாசிப்பார். நல்ல ஏற்பாடுதான்.

நாத்தனார் எழுதியது: "பின்கதவைப் பூட்டாதீங்க. நீராவியில மூச்சு முட்டுது." (விரிப்புகள் திருடு போனபோது போட்ட பூட்டு.)

தாளில் வந்தது: "காற்றோட்டம் இன்னும் கொஞ்சம் இருந்தால் நன்றாக இருக்கும்."

மேலாளர் வாசித்தார். "பரிசீலிக்கலாம்" என்றார். ஒன்பது மாதம், அதே சீட்டு, அதே மாற்றம், அதே பரிசீலனை.

3.

இவளை எப்படி எழுதுவது? நாத்தனாரின் வேலைக்கு ஆபத்து வரக் கூடாதென்றுதான் மாற்றினாள் என்று ஒரு பக்கம் எழுதினேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, மேலாளர் ஒருநாள் சொன்னது: "உங்க தாளைப் படிச்சா வயித்துல பாலை வார்த்த மாதிரி இருக்கும்மா." அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் மற்ற எல்லா வாக்கியங்களையும் மழுக்கினாள்.*

*இங்கே என் கையும் தயங்கியது. என் நாவல்களில் எவ்வளவு கொடுமைக்காரக் கணவனும் கடைசி அத்தியாயத்தில் திருந்திவிடுவான். நானும் நிறையச் சீட்டுகளை மாற்றி அடித்திருக்கிறேன்.

4.

பத்தாம் மாதம் நாத்தனார் மயங்கி விழுந்தாள். விழும்போது வலது கை சூடான இயந்திரத்தில் பட்டது. பின்கதவு பத்தடி தூரத்தில் பூட்டியிருந்தது. கூடத்தின் முழு நீளத்துக்கும் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கைக்கட்டைப் பிரித்தாலும் விரல்கள் பழையபடி மடங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருத்துவமனைக் கட்டிலில், மூச்சு வாங்கி வாங்கி அவள் சொன்னாள்:

"இந்த மாசச் சீட்டை நீங்களே எழுதிப் போட்டுடுங்க அண்ணி. நான் சொல்றதை அப்படியே அடிக்கிறவங்க நீங்க ஒருத்தர்தானே."

அவளுக்கு விஷயம் தெரியுமா? குத்திக்காட்டினாளா, நம்பிச் சொன்னாளா? ஐந்து முறை எழுதிப் பார்த்தேன். அவள் முகம் எனக்குப் பிடிபடவில்லை. டைப்பிஸ்டுக்கும் அப்படித்தான்.

5.

முடிவு ஒன்று: மேலாளர் தானே சாவியை எடுத்துக்கொண்டு— இல்லை.

முடிவு இரண்டு: அண்ணி கட்டிலருகே உடைந்து அழ, நாத்தனார் இடது கையால் அவள் கண்ணீரை— என் வாசகிகளுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். ஆனால் பூட்டு அப்படியே இருக்கும்.

மிஞ்சியது மாதக் கூட்டம். இஸ்திரிக் கூடத்தில் எல்லோரும் நின்றுகொண்டிருக்கிறார்கள். ஓர் இயந்திரத்தின் முன் மட்டும் ஆள் இல்லை. மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளுக்காகக் கை நீட்டுகிறார். டைப்பிஸ்ட் தாள் கொண்டுவரவில்லை.

அவர் என்ன பதில் சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் எழுதினால் அவர் நல்லவராகிவிடுவார். அந்தப் பதிலை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவள் சொன்னதை மட்டும் அப்படியே தருகிறேன்:

"அவ ஒன்பது மாசமா எழுதினா சார். நான்தான் மாத்தி மாத்தி அடிச்சேன். அவ எழுதினது காற்றோட்டம் இல்ல. பின்கதவைப் பூட்டாதீங்க."